இருநூற்று முப்பத்தெட்டு

சோஹார் துறைமுகத்தின் மூன்றாம் குளிர்க்கிடங்கு
இரவு ஒன்று இருபதுக்கு
இருநூற்று முப்பத்தெட்டு டிகிரியில் எரிந்துகொண்டிருந்தது,
திரையில் மட்டும்.

உள்ளே பிரேசில் கோழிகள் கல்லாகக் கிடந்தன.
ஹிலால் இரண்டு முறை போன் செய்தார்:
"கோழி வறுபடுகிறது, வா."
சிரித்தாரா என்று தெரியவில்லை.
மஸ்கட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டர்,
ஒட்டகம் குறுக்கிடும் பலகைகளைத் தாண்டி
நான் வண்டியை நிறுத்தியபோது வெளியே முப்பத்தைந்து.
காற்றில் உப்பு. துப்பட்டா கழுத்தோடு ஒட்டியது.

எட்டு விளக்குகள், அவ்வளவுதான் ஒரு பைட்.
எரிந்தால் ஒன்று, அணைந்தால் சுழி.
கழித்தல் கோடு போட அதில் இடமில்லை,
கோட்டுக்கென்று ஒன்பதாவது விளக்கு
யாரும் வாங்கித் தருவதுமில்லை.
அதனால் பதினெட்டை எடுத்து
எரிவதை அணைத்து, அணைந்ததை ஏற்றி,
மறக்காமல் ஒன்றைக் கூட்ட வேண்டும்.
(கூட்டாவிட்டால் சுழிக்கு இரண்டு முகம் வந்துவிடும்:
ஒன்றுமில்லாதது, அப்புறம்
கடன்பட்ட ஒன்றுமில்லாதது.)
அதுதான் கழித்தல் பதினெட்டு.
அதே விளக்குகளை
விவரம் தெரியாதவர் எண்ணினால்
இருநூற்று முப்பத்தெட்டு.

உணரி பொய் சொல்லவில்லை.
கம்பியும் சொல்லவில்லை.
போன வாரம் நான் எழுதிய ஒரு வரி,
எட்டு அறை வீட்டிலிருந்து பதினாறு அறை வீட்டுக்கு
எண்ணைக் குடிவைக்கும் வரி,
முன்னறைகள் எட்டையும் இருட்டாக விட்டுவிட்டது.
குளிரிலிருந்து வருகிறவன் குடியேறினால்
அந்த எட்டிலும் விளக்கேற்ற வேண்டும்.
தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.
அன்று வியாழன் மாலை, கிளம்புகிற அவசரம்.

சிந்தாமதார் கிடங்குக்குள்ளிருந்து வந்தார்.
மீசையில் பனித்தூள், கையில் பழைய வெப்பமானி.
கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி வெளுத்து
உலகம் மறைந்தது அவருக்கு.
துடைக்காமல் நின்றபடியே,
"மைனஸ் பதினெட்டு. கோழி பத்திரம்.
டீவியில என்ன காட்டுது?"

சொன்னேன். விளக்குக் கணக்கையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எங்க வீட்லயும் அப்படித்தான் வாசிக்காங்க.
ஏஜெண்டுக்கு உள்ளது, சீட்டுக்கு உள்ளது,
மச்சான் கல்யாணத்துக்கு வாங்குனது,
எல்லாம் கோடு இல்லாமப் போய்ச் சேருது.
பெரிய நம்பரா தெரியுறேன்."
கண்ணாடியைக் கழற்றினார்.
"கடன் ஒரே ஒரு ரியால்தான் பாக்கின்னா?"

"எட்டும் எரியும். இருநூற்று ஐம்பத்தைந்து.
அதுக்கு மேல எண்ணே கிடையாது."

"அதையும் அடைச்சிட்டா?"

"எல்லாம் அணைஞ்சிரும். சுழி."

சிரித்துவிட்டார், நெஞ்சிலிருந்து குளிர்காற்று வர.
"அப்ப கடனை அடைச்சிட்டு ஊர் போனா
ஒண்ணுமில்லாதவன்னு சொல்லுவாங்க. சரிதான்."

வரியைத் திருத்த மூன்று நிமிடம்.
காரில் வந்தது இரண்டரை மணி நேரம்.
ஹிலால் காகிதக் கோப்பைகளில் கரக் டீ கொண்டுவந்தார்,
எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதை
இந்த முறையும் மறந்திருந்தார்.
திரையில் கோடு முளைத்தது: −18, −18, −19,
கடைசிக் கிடங்கில் −128.

அதை யாரும் கவனித்திருக்கவில்லை.
எல்லாம் தப்பாக இருந்தபோது
நூற்றிருபத்தெட்டும் ஒரு தப்பாகத்தான் தெரிந்தது.
அது வித்தியாசமான எண்.
புரட்டி, ஒன்றைக் கூட்டிப் பார்த்தால்
தானாகவே திரும்பி வந்து நிற்கும்.
அந்தப் பக்கம் அதற்கென்று ஒரு இடமில்லை.
இந்தக் கருவியில் அதற்கு ஒரே அர்த்தம்:
கம்பி கழன்றுவிட்டது, அங்கே என்னவென்று தெரியாது.

சிந்தாமதார் டீயைப் பாதியில் வைத்தார்.
கோட்டின் ஜிப்பைத் தாடைவரை இழுத்து
உள்ளே போனார்.

−128. −128. −128.
டீயின் மேல் ஆடை படிந்தது.
−17.
கதவு திறந்ததால் ஏறிய ஒரு டிகிரி,
அல்லது
அவர் மூச்சு.